பாரிஸில் பிறந்த மருமகன் இந்தியாவுக்கு ஆட முடியுமா?

கேள்வி: என் தங்கை கும்பகோணத்தில் பிறந்தவள். இன்றும் இந்திய பாஸ்போர்ட்தான். மாப்பிள்ளைக்குக் காரைக்கால், சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை. மகன் பாரிஸ் பக்கம் பிறந்தான், இப்போது 16 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். இரண்டு வயதில் ஓசிஐ கார்டும் (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை) வாங்கினார்கள். அங்கே ஒரு கிளப்பின் இளையோர் அணியில் கால்பந்து ஆடுகிறான். அவன் இந்திய அணிக்கு ஆட வழி உண்டா? பிரான்ஸின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கூப்பிட்டால் அனுப்பலாமா, அனுப்பினால் இந்தியாவுக்கு ஆட முடியாமல் போய்விடுமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்மாமன்)

பதில்: இன்று முடியாது. 18 வயதுக்குப் பிறகு முடியும். ஆனால் அதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை விட வேண்டும், அதற்கு முன் இந்தியாவில் 12 மாதம் தங்கியிருக்க வேண்டும். இளையோர் அணிக்குத் தாராளமாக அனுப்புங்கள்.

வெளிநாட்டில் பிறந்ததுதான் தடை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தடையே இல்லை. ஜெர்மனிக்கு ஆடிய குளோசே பிறந்தது போலந்தில், பிரான்ஸுக்கு ஆடிய வியேரா பிறந்தது செனகலில். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன மொராக்கோவின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா முதலில் பார்ப்பது குடியுரிமையை. காரைக்கால்காரர்களுக்கு இது புரிவது எளிது. பிரெஞ்சுப் பகுதிகளை ஒப்படைக்கும் 1956 ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அந்த வழியில் வந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் காரைக்காலிலேயே பிறந்து, அங்கேயே தினமும் பந்து உதைத்தாலும் இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்திய பாஸ்போர்ட்டோடு பாரிஸில் வளரும் பையன் ஆடலாம்.

ஓசிஐ கார்டை நம்பித்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. பெயரில் 'குடியுரிமை' இருந்தாலும் சட்டப்படி அது நீண்டகால விசாவைப் போன்றதுதான். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே இந்தியாவுக்கு விளையாடலாம் என்று மத்திய அரசு 2008-லேயே முடிவெடுத்துவிட்டது. இரட்டைக் குடியுரிமையும் நம் சட்டத்தில் கிடையாது. இங்கிலாந்தில் பிறந்து அந்நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடிய ஹம்சா சௌத்ரி, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் நமக்கு எதிராகவே வங்கதேசத்துக்குக் களமிறங்கினார். அதற்காக அவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கவில்லை. நம் பையன் விட்டாக வேண்டும்.

உங்கள் தங்கை ஒரு வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய் அல்லது தந்தை இந்தியக் குடிமகனாக இருந்தால், பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடியுரிமை பெறலாம். குழந்தைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டை முதலில் எடுத்ததால் அந்த வழி அடைபட்டது. அவருக்கு இன்னொரு கைக்குழந்தை இருந்தால் இதை இப்போதே யோசிக்கலாம். அப்படிப் பதிந்த பிள்ளை பிறப்பால் வேறு நாட்டுக் குடியுரிமையும் உடையவனாக இருந்தால், 18 முடிந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும்.

உங்கள் மருமகனுக்கு மிச்சமிருப்பது குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(ஜி) பிரிவு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஓசிஐ வாங்கி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்; பின்னது ஏற்கெனவே சரி. மூன்றாவது நிபந்தனைதான் கடினம்: விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 12 மாதமும் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். இடையில் வெளியே போன நாட்கள் எல்லாம் சேர்ந்து 30-க்குள் இருந்தால், சிறப்புக் காரணம் காட்டி மத்திய அரசிடம் தளர்வு கேட்கலாம். அதற்கு மேல் போனால் கணக்கை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பாட்டி வீட்டுக்கு மகாமகத்துக்கும் கோடை விடுமுறைக்கும் வந்துபோன நாட்களைக் கூட்டிக் காட்டுவது எடுபடாது. விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்து, வசிக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கும்பகோணத்தில் தங்கினால் தஞ்சாவூர்; காரைக்காலில் தங்கினால் அங்குள்ள ஆட்சியர். அங்கிருந்து மாநில அரசு அல்லது யூனியன் பிரதேச நிர்வாகம் வழியாக உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். இந்தியத் தரப்பிலிருந்து ஏற்புக் கடிதம் கையில் கிடைக்கும் முன் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறக்கக் கூடாது. அவசரப்பட்டால் இரண்டு நாடும் இல்லாமல் நடுவில் நிற்க நேரும்.

19 வயதில் ஐரோப்பாவில் ஒரு வருட ஆட்டத்தை இழப்பது பெரிய நஷ்டம். அதனால் நடைமுறையில் எடுபடும் வழி, ஒப்பந்தம் கிடைத்து இந்தியக் கிளப்பில் ஆடும் காலத்திலேயே அந்த 12 மாதத்தைக் கழிப்பது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் பெங்களூரு அணியில் ஆடிக்கொண்டே 2025 நவம்பரில் இந்தியக் குடியுரிமை பெற்றார். அவருக்கு முன் ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி 2012-ல் ஜப்பானியக் குடியுரிமையை விட்டு வந்தார். குடியுரிமை கிடைக்கும்வரை ஓசிஐ வீரர் கிளப்பிலும் வெளிநாட்டு வீரர் கணக்கில்தான் வருவார் என்பதால், அந்த ஒப்பந்தம் சும்மா கிடைக்காது. 'இப்போதே கூட்டிவந்து இங்கே ஓர் அகாடமியில் சேர்த்துவிடலாமே' என்று தோன்றும். 18 வயதுக்குக் கீழ் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்தால் அனுமதி உண்டு. பையனின் ஆட்டத்துக்காகக் குடும்பம் வந்தால் கிடையாது.

இனி பிரான்ஸ் அழைப்பு. பயிற்சி முகாமும் நட்பு ஆட்டமும் யாரையும் கட்டிப்போடாது. 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் இறங்கினால் அது போட்டி ஆட்டம். ஒரு நிமிடம் ஆடினாலும் பிரெஞ்சுக் கால்பந்துச் சங்கத்தின் வீரர் என்று பதிவாகும். அப்போதும் மாறலாம். அந்தச் சமயம் இந்தியக் குடியுரிமை இல்லாதவன் என்பதால், பிரான்ஸுக்கு ஆடிய கடைசிப் போட்டி ஆட்டம் 21 வயது நிரம்பும் முன் நடந்ததாக இருக்க வேண்டும். கூடவே, பெற்ற தாய் இந்தியாவில் பிறந்தவர் என்பது போன்ற பிறப்புத் தொடர்பு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது சீனியர் அணி. 2020-ல் ஃபிஃபா ஒரு சலுகை கொடுத்தது: 21 வயதுக்கு முன் சீனியர் அணிக்கு மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாமல், உலகக் கோப்பை, கண்டக் கோப்பை இறுதிச் சுற்றில் இறங்காமல், மூன்று வருடம் காத்திருந்தால் மாறலாம். 2014-ல் ஸ்பெயினுக்கு ஒரு தகுதி ஆட்டத்தில் சில நிமிடங்கள் ஆடி மாட்டிக்கொண்ட முனீர், இதை வைத்துத்தான் 2021-ல் மொராக்கோவுக்குப் போனார். ஆனால் முதல் போட்டி ஆட்டத்தின்போதே புதிய நாட்டின் குடியுரிமை கையில் இருந்திருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை உண்டு. இரட்டைக் குடியுரிமை இல்லாத நமக்கு இது ஏறக்குறைய பயனற்ற சலுகை. பிரான்ஸ் சீனியர் அணிக்கு ஒரே ஒரு போட்டி ஆட்டம் ஆடினாலும் இந்தியாவை மறந்துவிடலாம். வில்லியம்ஸ் ஆஸ்திரேலிய சீனியர் அணிக்கு ஆடியது ஒரே ஒரு நட்பு ஆட்டம் என்பதால் தப்பினார். அப்படியிருந்தும், ஆஸ்திரேலியச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வராததால் நவம்பர் டாக்கா ஆட்டத்தின் அணிப் பட்டியலில் அவரைச் சேர்க்க முடியவில்லை. சங்கம் மாறும் விண்ணப்பத்தை வீரர் நேரடியாக அனுப்ப முடியாது. புதிய சங்கம், அதாவது இந்தியக் கால்பந்துச் சங்கமான ஏஐஎஃப்எஃப்தான் அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை எந்த நாட்டுக்கும் ஆட முடியாது.

பிறப்புத் தொடர்புக்குத் தாத்தா பாட்டியையும் காட்டலாம். ஆனால் காரைக்கால் தாத்தாவின் பிறப்புப் பதிவு பிரெஞ்சு ஆட்சிக் காலத்தது, பிரெஞ்சு மொழியில் இருக்கும். கேள்விமேல் கேள்வி வரும். உங்கள் தங்கையின் கும்பகோணம் பிறப்புச் சான்றிதழே போதும். மூலப் பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதி அவசியம். 2025 செப்டம்பரில் மலேசிய அணியின் ஏழு வீரர்களின் தாத்தா பாட்டி பிறப்பு ஆவணங்கள் போலி என்று சொல்லி, ஃபிஃபா ஆளுக்கு 12 மாதத் தடையும் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. பிற நாடுகளில் இருந்த மூலப் பதிவைத் தேடி எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

கும்பகோணம் மாநகராட்சியில் அந்தச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். அந்தக் காலச் சான்றிதழ்கள் பலவற்றில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் சேர்க்க 15 வருட வரம்பு உண்டு. அது தாண்டியிருந்தால் அரசு கால நீட்டிப்பு அறிவிக்கும் சமயத்தில்தான் சேர்க்க முடியும், அதனால் முதலில் இதை விசாரியுங்கள். அடுத்து இனிஷியல். இங்கே ஒற்றை எழுத்தாக இருப்பது பிரெஞ்சுப் பதிவில் தந்தையின் முழுப்பெயராகி, குடும்பப் பெயர் என்று ஏறியிருக்கும். தங்கையின் பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு, பையனின் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு மூன்றையும் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். அவன் 18 ஆவதற்குள் இது முடிந்திருக்கட்டும்.