இங்கிலாந்துக் கிராமங்களில் கருஞ்சிறுத்தை உலவுகிறதாமே, உண்மையா? யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

நானே பார்த்திருக்கிறேன். உயரம் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கதை கடைசியில்.

நான் பிறந்து வளர்ந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில். இப்போது எட்டு வருடமாக இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காரை எடுத்தால் கால் மணி நேரத்தில் பாட்மின் மூர். மூர் என்றால் மரமில்லாத மேட்டுநிலம்: புல், புதர், பாறை, சேறு, நடுவில் மேயும் ஆடுகள், எல்லாவற்றையும் பாதி நாள் மறைத்துவைக்கும் பனிமூட்டம். நான் வால்பாறைக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து இங்கே எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான். "உங்கள் ஊரில் நிஜமாகவே சிறுத்தை உண்டாமே, எங்களுடையதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?"

'எங்களுடையது' என்று அவர்கள் சொல்வது பாட்மின் மிருகத்தை. பெரிய கறுப்புப் பூனை, நீண்ட வால், மஞ்சள் கண். ஆடுகளைக் கொல்கிறது என்று விவசாயிகள் விடாமல் புகார் கொடுத்ததில், 1995-இல் விவசாய அமைச்சகமே ஆள் அனுப்பி விசாரித்தது. அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மிருகம் என்று மக்கள் கொடுத்த படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போய், அது நின்ற சுவரிலும் கம்பத்திலும் அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். படத்தில் புலி மாதிரி இருந்தது, அளந்தால் வீட்டுப்பூனை அளவுக்கு வந்து நின்றது. அறிக்கையிலோ, இருப்பதற்குச் சரிபார்க்கத்தக்க ஆதாரம் இல்லை, இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது பாதி போதாதா? ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

அறிக்கை வந்த சூடு ஆறுவதற்குள் ஃபோவே ஆற்றில் ஒரு பையனுக்கு மண்டையோடு கிடைத்தது. பெரிய கோரைப்பல். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். சிறுத்தைதான், சந்தேகமில்லை, இளம் ஆண். ஆனால் மண்டையின் பின்பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது, எலும்பில் கத்திக் கீறல்கள், உள்ளே வெப்ப நாட்டுக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு. அதாவது எங்கோ வெயில் நாட்டில் செத்து, தலையோடு தோல்விரிப்பாகக் கப்பலேறி வந்த சிறுத்தை. ஆற்றில் யார் போட்டார்களோ!

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1964 செப்டம்பரிலிருந்து 1966 ஆகஸ்ட் வரை, லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் கோடால்மிங் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் 'பியூமாவைப் பார்த்தோம்' என்று 362 புகார்கள் பதிவாகின. பியூமா என்றால் அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பூனை. அது பணக்காரர்கள் சிங்கக்குட்டி வளர்த்த காலம். 1969-இல் ஹாரட்ஸ் கடையில் விலைக்கு வாங்கிய சிங்கக்குட்டி ஒன்று லண்டன் செல்சியில் ஒரு மரச்சாமான் கடையின் அடித்தளத்தில் வளர்ந்தது. பிறகு கென்யாவில் கொண்டுபோய் விட்டார்கள். 1976-இல் ஆபத்தான விலங்கு வளர்க்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. உரிமம், காப்பீடு, கூண்டு என்று செலவுக்குப் பயந்து, ராத்திரியோடு ராத்திரியாக மூரில் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் கதை. நம்ப முடியாத கதை இல்லை. அப்படி அவிழ்த்துவிடுவது தனிக் குற்றமானது 1981-இல்தான். ஆனால் அன்று விட்ட சிறுத்தை இன்று உயிரோடு இருக்காது. காட்டில் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழ்ந்தாலே பெரிது. ஆக, குட்டி போட்டுப் பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டும்.

நிஜமாகவே பிடிபட்டவையும் உண்டு. 1980-இல் ஸ்காட்லாந்தின் கேனிக் அருகே ஒரு விவசாயி வைத்த கூண்டில் நிஜப் பியூமா விழுந்தது. ஃபெலிசிட்டி என்று பெயர் வைத்தார்கள். மனிதர் தடவிக்கொடுத்தால் சுகமாக இருக்குமாம் அதற்கு, வளர்த்த கை யாருடையதோ. இப்போது பாடம் செய்யப்பட்டு இன்வர்னஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1988-இல் ஹேலிங் தீவில் வண்டியில் அடிபட்டுக் கிடந்தது காட்டுப்பூனை, நம் ஊர்க் கரும்புக்காட்டில் திரிகிற அதே இனம். 2001-இல் லண்டன் கிரிக்கில்வுட்டில் ஒரு லிங்ஸ், குட்டை வால் காட்டுப்பூனை வகை. 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில் யாரோ திருட்டுத்தனமாக விட்ட நான்கு லிங்ஸ், சில நாட்களில் பிடிபட்டன.

அப்புறம் 2011-இல் ஹாம்ப்ஷயரில் நடந்தது. வயலில் வெள்ளைப்புலி படுத்திருக்கிறது என்று போன் வர, போலீஸ், ஹெலிகாப்டர், வெப்பக் கேமரா எல்லாம் வந்தன. பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். புலியின் உடம்பில் சூடே தெரியவில்லை. ஹெலிகாப்டர் காற்றில் அது உருண்டு விழுந்தபோதுதான் புரிந்தது, பொம்மை.

எங்கள் ஊரில் கதை நேர்மாறு. பத்தொன்பது வயது வரை வால்பாறையில் இருந்தேன், சிறுத்தையை முழுதாகப் பார்த்தது இரண்டே தடவை, அதுவும் ஜீப் வெளிச்சத்தில் ரோட்டைத் தாண்டுகிற நேரம்தான். ஆனால் அது இருப்பது தினமும் தெரியும். காலையில் தண்ணீர்க் குழாயடி ஈரமண்ணில் கால்தடம். முடியும் எலும்புத்துண்டும் கலந்த எச்சம். பக்கத்து வீட்டு நாயின் சங்கிலி மட்டும் தூணில், நாயைக் காணோம். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளும் அங்கே உண்டு, அதை வேடிக்கையாகப் பேச எனக்கு வராது. அங்கே பார்த்தவர் குறைவு, தடயம் நிறைய. இங்கே பார்த்தவர் நிறைய, தடயம்தான் இல்லை. ஐம்பது வருடமாகச் சிறுத்தைகள் குடும்பம் நடத்தியிருந்தால், தினம் தினம் நரியும் மானும் அடிபட்டுக் கிடக்கிற இந்த ரோடுகளில் ஒன்றாவது லாரிக்குக் கீழே வந்திருக்காதா?

போன வருடம் மார்ச்சில், எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவரின் மகன் என்னைத் தன் பண்ணைக்குக் கூப்பிட்டார். அறுபது வயதுக்காரர், ஆட்டுப்பண்ணை. "நீ சிறுத்தை ஊர்க்காரன், நீயே பார்த்துச் சொல்." பள்ளத்தில் ஒரு பெட்டை ஆடு, மல்லாந்து கிடந்தது. கண் இல்லை, நாக்கு இல்லை, பின்தொடைப் பக்கம் கிழிந்து குடல் வெளியே. முதலில் கழுத்துக் கம்பளியை விலக்கித் தொண்டையைத் தடவிப் பார்த்தேன். சிறுத்தை என்றால் அங்கேதான் நாலு பல் ஓட்டை இருக்கும், தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். ஒன்றுமில்லை. இழுத்துப்போன தடமும் இல்லை. சினை ஆடு பள்ளத்தில் மல்லாந்துவிட்டால் தானாக எழ முடியாது, வயிற்றில் காற்று கட்டிச் செத்துப்போகும். கண்ணையும் நாக்கையும் காக்கை எடுக்கும், மீதியை நரி. இது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன். தலையாட்டிக்கொண்டே, "அப்படியும் இருக்கலாம்" என்றார்.

ஆனாலும் பார்த்தேன் என்பவர்களைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நவம்பர் மாலை எனக்கே நடந்தது. வேலை முடிந்து வரும் வழியில், மூர் ஓரமாகக் காரை நிறுத்தியிருந்தேன். வெளிச்சம் போகிற நேரம். எதிர்ச்சரிவில் கல்சுவர் ஓரமாக, கன்னங்கரேல் என்று ஒன்று நடந்து போனது. தலையைத் தாழ்த்தி, தோள் ஏறி இறங்கி, அவசரமே இல்லாமல். அந்த நடை எனக்குத் தெரியும். கை தன்னால் கார்க் கதவைப் பூட்டியது. அது ஒரு கம்பிக்கேட்டைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது. மறுநாள் காலை அந்தக் கேட்டுக்கே போய் நின்றேன். முந்தின நாள் அதன் முதுகு, கீழிருந்து இரண்டாவது குறுக்குச் சட்டத்துக்கும் கீழேதான் இருந்தது. அந்தச் சட்டம் என் முழங்காலைத் தொடவில்லை. சரிவில் ஒப்பிட ஒரு மரம்கூட இல்லை, கறுப்பு உடம்பில் கண்ணுக்கு அடையாளமும் இல்லை, மீதியை மனசு பெருக்கிக்கொண்டது. சிறுத்தைகளில் கறுப்பு சிறுபான்மைதான், பெரும்பாலும் மஞ்சள். இங்கே பார்ப்பதெல்லாம் அனேகமாகக் கறுப்பாகவே இருப்பதும் அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் செத்த ஆடு ஒன்றின் மேலிருந்து எடுத்த மாதிரியில், சிங்கம் புலி சிறுத்தை சேர்ந்த பேந்தரா இனத்தின் டிஎன்ஏ இருந்ததாக 2024-இல் செய்தி வந்தது. சோதித்தது வாரிக் பல்கலைக்கழகப் பேராசிரியர். தனியாக ஒன்றிரண்டு தப்பித் திரியலாம், அதை மறுக்க மாட்டேன். பரம்பரையாகக் குடியிருக்கிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

பண்ணைக்காரரிடம் என் முழங்கால் கணக்கை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பார்த்தது குட்டி" என்றார். "தாயைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் மேலே, டோஸ்மரி ஏரிப் பக்கம் போக வேண்டும்."