இடிபாடு என்றால் நிலையாமை மட்டும்தானா?

அன்புள்ள சார்,

பதினேழாம் நூற்றாண்டு எட்சிங் படங்களை (செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து, மை பூசி அச்சிடுபவை) பார்த்துக்கொண்டிருந்தேன். எதை எடுத்தாலும் இடிந்த வளைவு, மேலே செடி, கீழே மாடு. எல்லாமே 'எதுவும் நிலைக்காது' என்ற ஒரே உபதேசம்தானா? சலிப்பாக இருக்கிறது.

சு.

அன்புள்ள சு.,

ஒரே உரையை எல்லாப் படத்துக்கும் எழுதினால் சலிக்கத்தான் செய்யும். நிலையாமையைச் சொல்லும் படங்கள் உண்டு. இத்தாலிய ஓவியர் காஸ்டிலியோனே 1645இல் செய்த எட்சிங்கில் சிலர் பாழிடத்தில் ஒரு பழைய கல்லறையை ஆராய்கிறார்கள். நித்தியமும் காலத்துக்கு உட்பட்டதே என்ற பொருளில் லத்தீனில் அங்கேயே பொறித்திருக்கிறது. அவரே சொல்லிவிட்டார், நாம் தேட வேண்டியதில்லை.

ஆனால் டச்சுக் கலைஞர் விஸ்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள். 1611-12 வாக்கில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரைச் சுற்றியுள்ள இடங்களைத் தொகுப்பாகப் போட்டார், தலைப்பே 'இனிய இடங்கள்'. சத்திரம், மணல்மேட்டருகே துணி வெளுக்கும் இடம், இவற்றோடு கிளேஃப் மாளிகையின் இடிபாடும் வருகிறது. அந்த மாளிகை வயதாகி விழுந்ததல்ல. 1572-73இல் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த ஹார்லெமை ஸ்பானியப் படை முற்றுகையிட்டபோது தளபதி டான் ஃபாட்ரிகே தங்கியது அங்கேதான், வேலை முடிந்ததும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். படம் வந்தபோது அந்த இடிபாட்டுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களில் சிலராவது ஊரில் இருந்திருப்பார்கள். 1609இல் ஸ்பெயினுடன் போர்நிறுத்தம் வந்தபிறகு அந்தப் பக்கம் பயமில்லாமல் உலாவப் போகலாம் என்றானது. எதிரி என்ன செய்தான் என்பதற்கும், அவன் இப்போது இங்கே இல்லை என்பதற்கும் அதே சுவர்தான் சாட்சி. அது 'இனிய' பட்டியலில் சேர்ந்தது அதனால்தான் என்பது என் ஊகம்.

அப்புறம் மாடுகள். ரோமப் பேரரசின் பொது மையமாக இருந்த பழைய மன்றத்துக்கு (ஃபோரம்) அன்று பெயரே காம்ப்போ வச்சீனோ, அதாவது மாட்டு மைதானம். ரோமில் வாழ்ந்த ஓவியர் கிளாட் லோரேன் 1636இல் அதை எட்சிங் செய்தார். பேரரசின் தலையில் புல் முளைத்துவிட்டது என்று நாம் தாராளமாகத் தத்துவம் பேசலாம், ஆனால் அங்கே நிஜமாகவே மாட்டுச் சந்தை நடந்தது.

இன்னொன்று, கை சம்பந்தப்பட்டது. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசி பேனா மாதிரி ஓடும். அதில் நேர்ச்சுவர் போடுவதைவிட உதிர்ந்த செங்கல்லும் தொங்கும் கொடியும் போடுவதுதான் சுகம். டச்சு ஓவியர் பிரீன்பெர்க்கின் 1640 வாக்கிலான ரோம இடிபாடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். வெயில் படும் கல்லைக் கீறாமல் வெறும் தாளாகவே விட்டிருப்பார், பக்கத்து நிழலில் கோட்டின்மேல் கோடு. ரோமை விட்டுவந்து பத்து வருஷம் போல ஆனபின் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து செய்தவை அவை. எனக்கு அதில் உபதேசம் எதுவும் கேட்கவில்லை, அந்த வெயில்மேல் உள்ள ஆசைதான் தெரிகிறது.