பீரோ சாவியைக் கேளுங்கள்

கேள்வி: ஒரு பள்ளியில் ஜூன் மாதம் நூலகராகப் பொறுப்பேற்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, மதுரை

பதில்: வாழ்த்துகள் அம்மா. பொறுப்பேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், வரவுப் பதிவேட்டோடு (நூலகத்துக்கு வந்த புத்தகங்களை எண்ணிட்டு எழுதி வைக்கும் ஏடு) அலமாரிக்குப் போய் ஒவ்வொரு புத்தகத்தின் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். இல்லாதவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி, பழைய நூலகரிடமும் தலைமையாசிரியரிடமும் அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கிடைக்காது.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன புரியும்? எண் இருக்கட்டும், பக்கத்திலேயே கதைக்கு மஞ்சள், அறிவியலுக்குப் பச்சை என்று பட்டை ஒட்டுங்கள்.

நான் பார்த்த பல பள்ளிகளில் நல்ல படப் புத்தகங்கள் பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள்தான் கிடக்கின்றன. கிழிந்துவிடும் என்று பயம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அந்தச் சாவியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.