படை கறுத்தால் கறுப்புப் பூஞ்சையா?

இடுப்பில் வந்த படை கறுத்துவிட்டதே, கறுப்புப் பூஞ்சையாக இருக்குமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். இது கறுப்புப் பூஞ்சை இல்லை, அம்மா. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். 2021-இல் கொரோனாவோடு சேர்ந்து வந்த அந்த நோய் பெரும்பாலும் மூக்கு வழியாக நுழைந்து முகத்தையும் கண்ணையும் தாக்கியது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தவர்களும் ஸ்டீராய்டு எடுத்தவர்களும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். உங்கள் இடுப்பு மடிப்பில் ஐந்து மாதமாக வட்டமாகப் பரவி அரிப்பது, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், படர்தாமரை. இந்தப் பூஞ்சை தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. கறுப்புப் பூஞ்சையாக ஒருநாளும் மாறாது. நாள்பட்ட படையைச் சொறிந்துகொண்டே இருந்தால் தோல் கறுக்கத்தான் செய்யும். பூஞ்சை போன பிறகும் அந்த நிறம் சில மாதம் இருந்துவிட்டு மங்கும். ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்பதெல்லாம் வெறும் பேச்சு. கத்தரிக்காய் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் கவலைப்பட்டது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியைப் படித்துத்தான். வீடியோ பார்த்து, பச்சைப் பூண்டை அரைத்துப் பூசி, ராத்திரி முழுக்கத் துணியால் கட்டி வைத்தேன், காலையில் கொப்பளம் என்கிறீர்கள். ‘பூஞ்சை வெளியே வருகிறது’ என்று அந்த வீடியோவில் சொன்னார்களாம். இல்லை, அது தோல் வெந்து வந்த கொப்பளம். பூண்டை நசுக்கியதும் அல்லிசின் என்ற பொருள் உருவாகும். பச்சையாகக் கடித்தால் நாக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அதற்குக் காரணம் அதுதான். ஆய்வகத் தட்டில் அது பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வேர்க்கிற மடிப்பில், ஏற்கெனவே சொறிந்து ரணமான தோலில், மணிக்கணக்காகக் கட்டி வைத்தால் பூஞ்சைக்கு முன்னால் உங்கள் தோல்தான் வேகும். பூண்டை ரசத்தில் தட்டிப் போடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? உடம்பில் பூசாதீர்கள். ஓம எண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் அங்கே வேண்டாம்.

உங்களுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால் பூண்டால் வந்த இந்தப் புண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், படையை அல்ல. இப்போதே புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கும் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, சீழ், காய்ச்சல், கறுத்து இறுகிய பக்கு வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ராத்திரியானாலும் சரி. புண்ணின் அளவுக்கு மீறி வலித்தாலும் அப்படித்தான். ‘வலி அவ்வளவாக இல்லையே’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு வலி சரியாகத் தெரியாமல் போகலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, வெறும் வாசலின் தடவுங்கள். கொப்பளத்தை உடைக்க வேண்டாம், பவுடரும் வேண்டாம். நான் சொன்ன அறிகுறிகள் ஒன்றும் இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்குள் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதாக எழுதியிருக்கும் அந்தக் களிம்பு ட்யூப். ‘போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது’ என்கிறீர்கள். அட்டையைப் படித்துப் பாருங்கள், குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று அநேகமாக இருக்கும். இவை ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும், மடிப்பில் தோலை மெலியவைத்து அழியாத கோடுகளையும் உண்டாக்கும். ஒரு மாதத்தில் போயிருக்க வேண்டிய படர்தாமரை இன்று நம் ஊரில் வருஷக்கணக்கில் நீள்வதற்கு இந்த ட்யூப்கள் ஒரு பெரிய காரணம். இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும், பயப்படாதீர்கள்.

மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மாத்திரை எழுதுவார். பல வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் நீங்களாக நிறுத்தினால் திரும்ப வரும். சில பூஞ்சை மாத்திரைகள் கொழுப்பு மாத்திரையோடும் சர்க்கரை மாத்திரையோடும் ஒத்துப்போகாது. அதனால் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அந்த ட்யூபையும் சேர்த்து. மகளும் கொஞ்ச நாளாகச் சொறிகிறாள் என்றீர்களே, அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் ஒரே துண்டில் துடைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.