சினை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: காப்பித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், 18 கிலோ எடையுள்ள சிப்பிப்பாறைப் பெண் நாய் இருக்கிறது. இணை சேர்த்து 30 நாளாகிறது. சென்ற ஈற்றின்போது, இணை சேர்ப்பதற்கு முன்பே பூச்சி மருந்து கொடுத்திருந்தும், ஆறு குட்டிகளில் இரண்டு மூன்றாம் வாரத்தில் வயிறு உப்பி இறந்துவிட்டன. மேச்சேரியில் ஆடு வளர்க்கும் என் அண்ணன், ஆட்டுக்கு ஊற்றும் அல்பெண்டசோலையே இப்போது கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அந்த ஆட்டு மருந்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அல்பெண்டசோல் கருவில் ஊனத்தை உண்டாக்கக்கூடியது. நாய்களில் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிடுவதும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த, பெயரிலும் ஒலி ஒத்த ஃபென்பெண்டசோலோ சினை நாய்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. கடையில் வாங்கும்போது பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து வாங்குங்கள்.

முன்பே மருந்து கொடுத்தும் குட்டிகள் ஏன் இறந்தன என்பதுதான் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வியாக இருக்கும். இறந்த குட்டிகளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் சொல்லும் அறிகுறி உருளைப்புழுவையே முதலில் நினைக்க வைக்கிறது. வழக்கமான பூச்சி மருந்து குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்களை அது தொடுவதில்லை. சினையின் ஆறாவது வாரத்திற்குப் பிறகு அவை விழித்தெழுந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் புகுந்துவிடுகின்றன. கொக்கிப்புழுவோ பால் வழியாகப் போகிறது. தாயின் மலப் பரிசோதனையில் ஒரு முட்டைகூடத் தென்படாத நிலையிலும் குட்டிகள் புழுவோடு பிறப்பது இதனால்தான்.

ஆகவே சினையின் 40ஆம் நாளில் தொடங்கி, குட்டி போட்ட 14ஆம் நாள் வரை, கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஃபென்பெண்டசோலை நாள்தோறும் உணவோடு கொடுப்பது வழக்கம். உங்கள் நாய்க்கு அது நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் ஆகும். உங்களுக்கு இன்னும் பத்து நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்டி, எடை பார்த்து, அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டிகளுக்கு 2, 4, 6, 8ஆம் வாரங்களில் பைரன்டெல் மருந்து கொடுக்க வேண்டும்; அதே நாள்களில் தாய்க்கும் மருந்து உண்டா என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சமையலறைத் தராசில் குட்டியை நிறுத்து அளவைக் கணக்கிடுங்கள், ஏனெனில் இரண்டு வாரத்தில் அதன் எடை ஏறக்குறைய இரட்டித்திருக்கும். வயிறு உப்பி, மயிர் பொலிவிழந்து, கக்கிய பாலில் நூடுல்ஸ் போலச் சுருண்ட வெள்ளைப் புழு தெரிந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

ஏற்காட்டின் நிழலும் ஈரமும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களுக்கு மிகவும் உகந்தவை. குட்டிகளை மண்தரையில் விடாமல், வெயில் படும் சிமென்ட் தரையில் வையுங்கள். உருளைப்புழு முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகிறது என்பதால், மலத்தை அன்றன்றே அள்ளிவிடுவது பெரும் பாதுகாப்பு. அந்த முட்டை குழந்தைகளின் வாய்க்குள் போனால் கண்ணையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். குட்டிகளைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட உட்கார விடாதீர்கள்.

கேள்வி: குட்டி போட்டு மூன்று வாரமான எங்கள் நாயின் மலத்தில் அரிசி போன்ற துணுக்குகள் நெளிகின்றன. பால் கொடுக்கும் நேரத்தில் மருந்து கொடுக்கலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அது நாடாப்புழுவின் துண்டாக இருக்க வேண்டும். பிராசிகுவான்டெல் பால் கொடுக்கும் தாய்க்கும் சினை நாய்க்கும் ஏற்ற மருந்தே. எடைக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் இப்புழு பெரும்பாலும் வருகிறது. ஆகவே படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து, குட்டிகளின் வயதுக்கும் பொருந்தும் தெள்ளு மருந்தை அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.