தண்ணீர் வருகிறது, மணல் வரவில்லை: காவிரி பற்றிச் சில கேள்விகள்

மேட்டூரில் திறந்தால் காவிரி நிறைந்துதானே ஓடுகிறது? அப்புறம் என்ன குறை?

தண்ணீர் மட்டும் ஆறு இல்லை. அது சுமந்து வரும் மணலும் வண்டலும் சேர்ந்ததுதான் ஆறு. 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து அந்தச் சுமையில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது, ஏனென்றால் தண்ணீர் தேங்கினால் வேகம் போய்விடும், வேகம் போனால் மண்ணைத் தூக்கிவரும் பலமும் போய்விடும். மதகு வழியாக வருவது தெளிந்த நீர். அது சும்மா போகாது, படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்ளும். பொடிமணல் முதலில் போகும், கனமான கல் தங்கிவிடும், படுகை மெல்ல மெல்ல இறங்கும். அதே படுகையில்தான் நாம் லாரி லாரியாக மணலும் அள்ளினோம்! படுகை இறங்கினால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும், வாய்க்கால் தலைப்பு மேட்டில் நின்றுவிடும், பாலத்தூணின் அடித்தளம் வெளியே தெரியும். கடல் முகத்திலோ புது மண் வராமல் டெல்டா அமுங்க, உப்புநீர் உள்ளே ஏறும்.

கல்லணையும் அணைதானே? அது ஏன் ஆற்றைக் கெடுக்கவில்லை?

கல்லணை தண்ணீரைத் தேக்கவில்லை, பிரித்துவிடுகிறது. ஆனாலும் மண் பிரச்சினை அங்கேயும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மேடாகி, தண்ணீர் கொள்ளிடத்துக்கே போக ஆரம்பித்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கல்லணையில் மணற்போக்கிகள் (படிந்த மணலை வெளியேற்றும் மதகுகள்) வைத்து, முக்கொம்பில் மேலணையும் கட்டினார். மண்ணுக்கும் வழிவிட வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

மேட்டூரைத் தூர்வாரினால் சரியாகிவிடுமா?

பாதிதான். அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அத்தனை பெரிய பரப்பை முழுசாகத் தூர்வாருவது நடக்கிற காரியமில்லை. இன்னொன்று, அணைச்சுவர் பக்கம் படிவது மெல்லிய சேறு, அதை வயலுக்குக் கொண்டுபோகலாம், நல்லதுதான். ஆற்றுக்குத் தேவையான மணல், நீர்த்தேக்கத்தின் தலைப்பில், ஒகேனக்கல் பக்கத்து முனையில் படிகிறது. ஜெர்மனியில் ரைன் நதியின் இஃபெட்ஸ்ஹைம் தடுப்பணைக்குக் கீழே 1978 முதல் ஜல்லியும் மணலும் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள், படுகை இறங்காமல் இருப்பதற்காகவே. நாம் அப்படிக் கொட்டக்கூட வேண்டாம், மேட்டூருக்குக் கீழே இருக்கிற மணலைத் தொடாமல் விட்டாலே பெரிய உதவி. ஆற்று மறுசீரமைப்பு என்று கரைக்குக் கான்கிரீட் போடுவதைவிட இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அமெரிக்காவில் அணைகளை இடிக்கிறார்களே, இங்கேயும் இடிக்கலாமா?

வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருட மண் இறங்கி வந்தது, முகத்துவாரத்தில் கடற்கரை வளர்ந்தது, சால்மன் மீன் மேலே ஏறியது. ஆனால் அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. மேட்டூரை நம்பி டெல்டா முழுக்க நெல் விளைகிறது, அதை இடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை மாற்றலாம். கொலராடோ ஆற்றில் 1996-இல் கிளென் கேன்யன் அணையிலிருந்து வேண்டுமென்றே வெள்ளம் விட்டு மணல்திட்டுகளை மீண்டும் உருவாக்கிப் பார்த்தார்கள். துணையாறுகள் மணல் கொண்டுவந்த சமயத்தில் திறந்தால்தான் அதில் பலன் உண்டு.

மீன் ஏணி வைத்தால் உல்லம் திரும்ப வருமா?

உல்லம் (ஹில்சா) முட்டையிடக் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த மீன். மீன் ஏணி என்பது அணையைத் தாண்டி மீன் ஏறுவதற்காக வைக்கும் படிப்படியான நீர்வழி. மேட்டூர் மாதிரி உயர்ந்த அணையில் ஏணி உதவாது. கொள்ளிடத்தில் உள்ள அணைக்கரை போன்ற தாழ்வான தடுப்பணைகளில் வைக்கலாம், ஆனால் அது ஏறி வரும் மாதங்களில் கடல்வரை தண்ணீர் ஓட வேண்டும்.