குடியாத்தத்துப் பெண்ணுக்குக் கடல் படிப்பு சரிவருமா?

அம்மாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை பெண்ணோடு வந்துவிட்டு, அவளைக் கீழே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் மாடியேறி வந்து கேட்டீர்கள்: "கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு நட்சத்திர மீனைப் படிச்சு என்ன சார் பண்ணப் போறா? நர்ஸிங்னா சிஎம்சி பக்கத்துலயே இருக்கு." அவசரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ராமேஸ்வரத்தில் வாங்கிய கடல் முள்ளெலி ஓட்டை டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? மற்ற பிள்ளைகள் என்றால் "அழகா இருக்கு சார்" என்பதோடு சரி. இவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஊசிமுனைத் துளைகள் ஐந்து பட்டைகளாக இறங்குவதைக் காட்டினாள். "இது வழியாத்தான் அது ஒட்டி நகர்ற குழாய்க்கால் வெளிய வரும். நட்சத்திர மீனுக்கும் அஞ்சு, இதுக்கும் அஞ்சு" என்றாள். மார்க்குக்காகப் படிக்கிற பிள்ளை இதைச் செய்யாது. நான் 'வேண்டாம்' என்று சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஊரில் கடல் இல்லை என்பது ஒரு குறையே இல்லை. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி சேர்ந்த கூட்டத்துக்கு முட்தோலி என்று பெயர். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடினாலும் அதில் ஒரு முட்தோலிகூட இருக்காது. உலகத்தில் சுமார் 7000 வகை இருந்தும் ஒன்றுகூட நல்ல தண்ணீரில் வாழ்வதில்லை. கடலூர்ப் பிள்ளைக்கும் முதல் மூன்று வருடம் வகுப்பறைதான். அதனால் பிஎஸ்சி விலங்கியலை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே படிக்கட்டும். பெயரில் 'மெரைன்' என்று போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஒருமுறை நானே ஒரு கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தை நம்பி ஒரு பையனை அனுப்பிவைத்தேன். அங்கே ஆய்வகம் என்று இருந்தது நான்கு கண்ணாடித் தொட்டிகள், அதிலும் தங்கமீன்!

பிறகு எம்எஸ்சி கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. இப்போதே கடல் பக்கம் போயாக வேண்டும் என்று அடம்பிடித்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பிஎஃப்எஸ்சி என்ற நான்கு வருட மீன்வளப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். ஆனால் அது மீன் வளர்ப்பையும் மீன்பிடிப்பையும் சுற்றிய படிப்பு. இவள் மனசு முட்தோலியில் இருக்கிறது.

சரி, படித்தால் என்ன வேலை? எந்த உயிர், எந்த இடத்தில், எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் வேலை. கடல் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் முட்தோலிதான். பார்க்க எல்லாம் ஒரே பொட்டலம் போல இருக்கும். தோலில் துளி வெட்டி, துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டால் சதை கரைந்து, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் அடியில் தங்கும். மைக்ராஸ்கோப்பில் ஒன்று சட்டைப் பொத்தான் மாதிரி, இன்னொன்று குட்டி மேஜை மாதிரி தெரியும். அதை வைத்துத்தான் இனத்தைச் சொல்ல முடியும். இதில் கை தேர்ந்தவர்கள் குறைவு.

இது வெறும் ஏட்டுப் படிப்பும் இல்லை. 2001-லிருந்து கடல் அட்டை பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையிலேயே அதுவும் இருக்கிறது. தடையை நீக்கச் சொல்லி ராமநாதபுரம் மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க, பாக் நீரிணையின் கடற்புல் வெளியில் இப்போது எத்தனை இருக்கிறது என்று யாராவது இறங்கி எண்ணித்தானே ஆகவேண்டும்? துறைமுகமோ கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோ வந்தாலும் அடிமண்ணை அள்ளிச் சலித்து, புழு, சிப்பி, நட்சத்திர மீனின் உறவான நொறுங்கு நட்சத்திரம் என்று பிரித்து அறிக்கை கொடுக்க ஆள் தேவைப்படுகிறது.

இப்போது கசப்பான பகுதி. நிரந்தர அரசு வேலை குறைவு. சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் பிரிவு, 1947-ல் தொடங்கி, பல காலம் மண்டபத்தில் இருந்துவிட்டு இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் என்று இடங்கள் இருந்தாலும் காலியிடம் எப்போதாவதுதான் வரும். எம்எஸ்சி முடிக்க ஐந்து வருடம், அதற்குமேல் பிஎச்டி. இடையில் ப்ராஜெக்ட் வேலை இரண்டு வருடம் இருக்கும், அப்புறம் இருக்காது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வாங்காவிட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். வீட்டில் இவள் சம்பளத்தை நம்பி உடனே அடைக்கவேண்டிய கடன் இருந்தால் நர்ஸிங்தான் நல்லது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கடன் இல்லை, ஏழெட்டு வருடம் பொறுக்க முடியும் என்றால் விடுங்கள், போகட்டும். பிடிக்காமல் போனாலும் விலங்கியலோடு பிஎட் முடித்து ஆசிரியர் தேர்வு எழுத வழியிருக்கிறது.

அட்மிஷனுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அவளை மண்டபம் பக்கம் இரண்டு நாள் கூட்டிப்போங்கள். கடல் வற்றும் நேரத்தில் வெயிலில் முட்டியளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் கல்லுக்குக் கல் பார்த்துக்கொண்டு நடக்கட்டும். எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது; கடல் அட்டையைப் பையில் போட்டால் கேஸ் ஆகிவிடும். பார்த்ததை நோட்டில் எழுதட்டும். ஒரு மணி நேரத்தில் நிழல் தேடினால் எனக்குப் போன் செய்யுங்கள், நர்ஸிங் படிவம் நானே பூர்த்தி செய்து தருகிறேன். நோட்டு நிரம்பினால் அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த முள்ளெலி ஓட்டை மட்டும் இந்த முறை பஞ்சில் சுற்றி எடுத்து வரட்டும், ஒரு ஓரம் ஏற்கெனவே உடைந்திருக்கிறது.